முப்பத்தொன்றாம் நிரை, ஒன்பதாவது செடி

அன்றைக்கு எட்டாம் நம்பர் மலையில் இருந்தது மொத்தம் நான்கே பேர். நான், லோகேஸ்வரி. என் வீட்டுக்காரரின் தங்கை சுகந்தி. எங்கள் லயத்து வரிசையில் அடுத்த வீட்டுக் கலாக்கா. கங்காணி துரைசாமி அண்ணன். கங்காணியின் பின்னால் வந்த நாயையும் சேர்த்தால் ஐந்து. அதற்கு மேல் ஒரு காக்கை கூடக் கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் நடந்ததைக் கேட்கிற ஒவ்வொருவரும் பாதியிலேயே கையைத் தூக்கி, யாரோ ஒளிந்திருந்து செய்த வேலை என்று முடித்துவிடுகிறார்கள். ஒளிந்திருக்க யாருமில்லை. நான்கு பேரும் உயிரோடு இருக்கிறோம், தனித்தனியாகக் கேட்டுப் பார்க்கலாம்.

நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. பயந்தவள்தான், ஒத்துக்கொள்கிறேன். வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன், தகரத்தில் மழை சத்தமாக விழுந்தால் பின்னால் இருக்கிற மண்திட்டு இறங்கிவிடுமோ என்று எழுந்து உட்கார்ந்துகொள்வேன், போன் இரண்டு தடவைக்கு மேல் அடித்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று ஓடுவேன். ஆனால் என் பயமெல்லாம் மழைக்கும் மனுஷருக்கும்தான். முனி அடித்தது, மோகினி கூப்பிட்டது என்று யாராவது ஆரம்பித்தால் நான் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவேன். இருக்கிற கவலைக்கே எனக்கு நேரம் போதவில்லை, இல்லாததற்கு வேறா?

எங்கள் தேயிலைத் தோட்டம் பசறையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். என் வீட்டுக்காரர் கத்தாரில் கட்டட வேலை. அவரை அனுப்புவதற்காகத் தாலிக்கொடியை அடகு வைத்தோம், அதனால் தாலி மட்டும் மஞ்சள் கயிற்றில் என் கழுத்தில் கிடக்கிறது. சுகந்தி பதுளையில் ஒரு புடவைக் கடையில் நிற்கிறாள், மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவாள். அவள்தான் அந்த ஆப்பைக் கொண்டுவந்தவள்.

"அண்ணி, போனக் குடுங்க. புதுசா ஒண்ணு வந்திருக்கு. பேரு வேணாம், படம் வேணாம், நம்பர் கூட வேணாம்."

"நம்பர் இல்லாம எப்படிப் புள்ள? நாளைக்குப் பொலிஸ் வந்து நின்னா?"

"வந்து என்னான்னு கேப்பான்? இங்க அன்னாசி யாருன்னா?"

ஏனென்றால் அந்த ஆப் ஆளுக்கு ஒரு பழத்தின் படம் கொடுக்கும், அவ்வளவுதான் அடையாளம். எனக்கு அன்னாசி விழுந்தது, சுகந்திக்கு மாம்பழம். பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறவர்கள் எழுதுவது மட்டும்தான் தெரியும், ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே அதை எழுதியவர் இப்போது எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்று சின்னதாகப் போட்டிருக்கும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், இங்கிலீஷ் வராது, சுகந்தி எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் வாரம் எனக்குத் தூக்கமே இல்லை, அவ்வளவு சந்தோஷம். எங்கள் பக்கத்து ஜனம் பூராவும் உள்ளேதான் இருந்தது. "ரெண்டாம் லயத்துல யாரோ நெத்தலி பொரிக்கிறாங்க, வாசம் இங்க வரைக்கும் வருது" என்று ஒரு வாழைப்பழம் எழுதும். "தட்டத் தூக்கிட்டு வா" என்று ஒரு கொய்யாப்பழம் பதில் போடும். "கொழுந்து நிறுக்கையில தராசுல யாரோட விரல் இருக்குன்னு எங்களுக்குத் தெரியும்" என்று ஒருவர் எழுதியதற்கு நாற்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள். மறுநாள் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கணக்கப்பிள்ளை இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் கூடைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டோம். நான் முதல்முதலில் எழுதியது, "நாளைக்கு மழை வருமா?" அதை எழுதி அனுப்ப எனக்கு ஒரு மணி நேரம் ஆனது, அனுப்பிய பிறகு ஏன் எழுதினோம் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். பதினொரு பேர் பதில் சொன்னார்கள். என் வாழ்க்கையில் நான் கேட்ட ஒரு கேள்விக்குப் பதினொரு பேர் பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது சனிக்கிழமை என் தாலி காணாமல் போனது.

சாயங்காலம் மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் முகம் கழுவும்போது கழுத்தைத் தொட்டேன், வெறும் கழுத்து. காலையில் இருந்தது, அது நிச்சயம். மத்தியானம் தூறல் விழுந்தபோது மழைக்குப் போர்த்துகிற கொங்காணியைப் போட்டுக்கொண்டேன், கொழுந்தை நிறுத்துவிட்டு வரும்போது தலை வழியாக அதைக் கழற்றினேன், சுவெட்டரையும் அப்படியே கழற்றினேன். எங்கேயோ ஒரு இடத்தில் கயிறும் சேர்ந்து தலை வழியாக வந்து விழுந்திருக்க வேண்டும். அன்றைக்கு எங்கள் கூட்டத்துக்கு எட்டாம் நம்பர் மலை. நிரை என்று நாங்கள் சொல்வது தேயிலைச் செடி வரிசையை. கங்காணி காலையில் ஆளுக்கு இத்தனை நிரை என்று பிரித்துவிடுவார், எனக்குப் பதினான்கும் பதினைந்தும். ஓடிப்போய் இரண்டையும் இருட்டுகிறவரை தடவினேன். இல்லை.

இதில் தங்கத்தின் விலை எனக்கு இரண்டாவது கவலை. என் வீட்டுக்காரர் அங்கே எத்தனையோ மாடி உயரத்தில் பலகைமேல் நின்று வேலை செய்கிறவர். இங்கே தாலி கழுத்தில் இல்லை. அன்றைக்கு அவர் போனையும் எடுக்கவில்லை. உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம், எனக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. மாமியிடம், அவருடைய அம்மாவிடம், சொல்ல முடியாது. அவர் திட்டுவார் என்றால்கூடப் பரவாயில்லை, திட்டமாட்டார், மகன் போட்டோவுக்கு முன்னால் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிடுவார். லயத்தில் ஒருத்தரிடம் சொன்னால் பத்து வீட்டுக்கும் தெரியும். சுவெட்டரைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படியில் நின்றபோதுதான் அந்த ஆப் ஞாபகம் வந்தது. அதில் நான் லோகேஸ்வரி இல்லையே, அன்னாசிதானே!

"கொழுந்து எடுக்கும்போது தாலி விழுந்துவிட்டது. கண்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்" என்று எழுதினேன். எந்தத் தோட்டம் என்று எழுதவில்லை, எந்த மலை என்றும் எழுதவில்லை. நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எழுதவில்லை.

பதில் வராமல் இருக்குமா? "புருஷனையும் சேத்துத் தொலச்சிட்டியா?" என்றது ஒரு பப்பாசி. "பசற டவுன்ல கவரிங் தாலி வாங்கிப் போட்டுக்க, யாருக்குத் தெரியப் போகுது" என்றது வாழைப்பழம். "பாவம்டா, வெளையாடாதீங்க" என்று ஒரு தோடம்பழம் மட்டும் சொன்னது. போனை மூடி வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை, ரொட்டி தட்டிக்கொண்டிருக்கும்போது பார்த்தேன். புதிதாக ஒரு பதில்.

"எட்டாம் நம்பர் மலை. முப்பத்தொண்ணாம் நிரை. ஒம்பதாவது செடி."

கையிலிருந்த மாவோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுதியவருக்குப் பழம் எதுவும் இல்லை, வெறும் வட்டம். கீழே தூரம், ஒன்று புள்ளி இரண்டு கிலோமீட்டர். எங்கள் வீட்டிலிருந்து எட்டாம் நம்பர் மலை அவ்வளவு தூரம்தான்.

பத்து மணி பஸ்ஸில் சுகந்தி வந்து இறங்கியதும் பையைக்கூட வைக்க விடாமல் அவளைப் பீலிப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கழுத்தைக் காட்டினேன். அவள் என் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அவளுக்கும் அவர் அண்ணன்தானே. பிறகு போனை வாங்கிப் பார்த்தாள்.

"இந்த ஆளுக்குப் பழமே இல்லையே அண்ணி. இப்படி நான் பாத்ததே இல்ல."

"நீ செஞ்ச வெளையாட்டா புள்ள இது? சத்தியமாச் சொல்லு."

"பதுளையில இருந்துக்கிட்டு ஒங்க தாலிய நான் எங்க போய்ப் பாக்கிறது? பைத்தியமா ஒங்களுக்கு? வாங்க, போய்ப் பாத்துருவோம்."

மாமி சாப்பிட்டுப் படுக்கும்வரை காத்திருந்து, இரண்டு மணிக்கு மேல் கிளம்பினோம். மலையில் ஒருவரும் இல்லை. ரோட்டோரத்திலிருந்து நிரையை எண்ணிக்கொண்டு போனோம், சுகந்தி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், தப்பிவிடக் கூடாது என்று சத்தமாக. முப்பத்தொன்று. அதில் ஒன்பதாவது செடி. ராத்திரி பெய்த மழையில் எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. செடியைப் பிரித்துப் பார்த்தோம், அடியில் தடவினோம், அக்கம்பக்கத்துச் செடியெல்லாம் தடவினோம், அட்டை காலில் ஏறியதுதான் மிச்சம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணி, தூரத்தப் பாருங்க" என்றாள் சுகந்தி. வட்டத்துக்குக் கீழே இருநூற்று முப்பது மீட்டர் என்று போட்டிருந்தது. "அந்த ஆளு பக்கத்துலதான் எங்கயோ இருக்காரு. இந்த எடத்துல இல்ல."

அப்போது மேலேயிருந்து ஒரு குரல். "என்னடி, ரெண்டு பேரும் பேன் பாக்கிற மாதிரி தேயிலையப் பிரிச்சுக்கிட்டு இருக்கீங்க?"

கலாக்கா. தலையில் விறகுக் கட்டு.

"தோடு விழுந்துருச்சுக்கா" என்றேன்.

"எந்தத் தோடு? ரெண்டு காதுலயும் இருக்கே. மூணாவதா ஒரு காது வச்சிருக்கியா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கி வந்தவர் என் கழுத்தைப் பார்த்துவிட்டார். குனிந்து தேடியதில் சுவெட்டர் விலகிவிட்டது. சிரிப்பு நின்றது. விறகுக் கட்டைக் கீழே போட்டார். ஒரு கேள்வி கேட்கவில்லை, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "எந்த நிரை?" என்றார். கலாக்காவை நான் அதுவரை வம்புக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பேரும் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் கங்காணி வந்தார், மாட்டுக்குப் புல் அறுக்க, தோளில் சாக்கு, கையில் கத்தி, பின்னால் நாய்.

"ஞாயித்துக்கெழமையில கொழுந்தா? எனக்குத் தெரியாம எவன் ஓவர்டைம் குடுக்கிறான்?"

கலாக்கா நேராகச் சொல்லிவிட்டார். "கங்காணி அண்ணே, லோகாவோட தாலி விழுந்துருச்சு. முப்பத்தொண்ணாம் நிரையில இருக்குன்னு போன்ல யாரோ சொல்லியிருக்காங்க. முப்பத்தொண்ணு இதுதானே?"

"எந்தப் பக்கமிருந்து எண்ணச் சொன்னாங்க?"

எந்தப் பக்கம் என்று ஒரு கேள்வி இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

அவர் சாக்கை இறக்கி வைத்துவிட்டுச் சாதாரணமாகச் சொன்னார். "இப்ப கொழுந்து லொறி ரோட்டுக்கு வருது, அதனால ரோட்டுல இருந்து எண்ணுறோம். எங்கப்பா கங்காணியா இருந்தப்ப மடுவம் கீழ ஓடைக்கிட்ட. நிறுக்கிறது அங்க, நிரை பிரிக்கிறதும் அங்க இருந்துதான். இப்ப அந்தப் பக்கமெல்லாம் காடாப் போச்சு, பதினஞ்சு வருஷமா ஒருத்தரும் கை வைக்கல."

சுகந்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க அண்ணி! ஓடைப் பக்கம் போவோம்!"

எனக்குப் புத்தி சொன்னது, நேற்று நீ அந்தப் பக்கம் கால் வைக்கவே இல்லையே, அங்கே எப்படித் தாலி இருக்கும் என்று. கால் கேட்கவில்லை. நான்கு பேரும் சறுக்கிக்கொண்டும் செடியைப் பிடித்துக்கொண்டும் ஓடை வரைக்கும் இறங்கினோம். அங்கிருந்து கங்காணி மானாப்புல்லை வெட்டி வழி பண்ணிக்கொண்டு மேலே ஏற, நாங்கள் பின்னால். கொழுந்து எடுக்காமல் விட்டால் தேயிலை செடியாக இருக்காது, மரமாகிவிடும், அங்கே எல்லாம் இரண்டு ஆள் உயரத்துக்கு நின்றன. ஆனாலும் வரிசை மாறவில்லை, கங்காணி எண்ணிக்கொண்டே போனார். சுகந்தி போனைப் பார்த்துக்கொண்டு பஸ் கண்டக்டர் மாதிரிக் கத்தினாள்.

"தொண்ணூறு! கொறையுது அண்ணி! அறுபது! அறுபதுக்குக் கீழ போயிருச்சு!"

"இருபத்தி மூணு, இருபத்தி நாலு" என்று கங்காணி.

"முப்பத்தஞ்சு மீட்டர்!"

"ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தாதீங்க, எனக்கு எண்ணு தப்புது" என்று கலாக்கா. நம்புங்கள், அந்த நேரத்தில் எங்கள் யாருக்கும் பயமே இல்லை. எனக்கே இல்லை! திருவிழாவில் தேருக்கு முன்னால் ஓடுகிற மாதிரி ஓடினோம். மணி மூன்றரை இருக்கும், ஓடையிலிருந்து மூடுபனி ஏறி வந்து எங்கள் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது.

முப்பத்தொன்று. தண்ணீர் ஓடுகிற கான் பக்கமிருந்து ஒன்பதாவது மரம். சுகந்தி போனைத் திருப்பிக் காட்டினாள். பூஜ்ஜியம் மீட்டர்.

ஒருவரும் இல்லை. நான்கு பேரும் சுற்றிப் பார்த்தோம், கங்காணி "யாருப்பா அது, வெளிய வா" என்று குரல் கொடுத்தார், கத்தியால் புல்லை விலக்கிப் பார்த்தார். எங்கள் கால் பட்ட இடத்தைத் தவிர ஒரு புல்கூட மடங்கியிருக்கவில்லை. நாய் மட்டும் எங்களைத் தாண்டிப் போய் அந்த மரத்தடியில் நின்று வாலை ஆட்டியது. எங்களைப் பார்த்து ஆட்டவில்லை. மரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றால் அவருடைய முகம் எங்கே இருக்குமோ, அங்கே அண்ணாந்து பார்த்து ஆட்டியது.

நான் குனிந்தேன். தாலி இருந்தது.

இனிமேல் நான் எழுதுவதை மெதுவாகப் படியுங்கள், அவசரமாகப் படித்தால் புரியாது. தேயிலைக்கு அடியில் ஒரே ஒரு தூர். முழங்கால் உயரத்தில் அது ஐந்து கிளையாகப் பிரிகிறது, ஐந்தும் என் தொடை மொத்தம், மேலே போய் வானத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறது. என் மஞ்சள் கயிறு அந்தத் தூரைச் சுற்றிக் கிடந்தது. மாட்டியிருந்தது என்று சொல்லவில்லை, தொங்கியது என்றும் சொல்லவில்லை. ஒருத்தியின் கழுத்தில் கிடப்பதுபோல, தூரைச் சுற்றி முழு வட்டமாகக் கிடந்தது. கயிறு அறுந்திருக்கவில்லை. முடிச்சு அவிழ்ந்திருக்கவில்லை. ராத்திரி பூராவும் கொட்டிய மழைக்கு அது நனைந்திருக்கவும் இல்லை.

"யாரோ அவுத்துக் கட்டியிருக்காங்க" என்றார் கலாக்கா. நீங்களும் அதைத்தான் சொல்லப் போகிறீர்கள்.

சுகந்தி மண்டி போட்டு முடிச்சைப் பார்த்தாள். எங்கள் வீட்டில் தாலி முடிச்சு நாத்தனார்தான் போடுவது. ஆடியில் கயிறு மாற்றியபோதும் அவள்தான் போட்டாள். அவள் இடக்கைக்காரி. அவள் போட்டால் முடிச்சு எல்லோருடையதுக்கும் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும், அதன்மேல் மஞ்சளைக் குழைத்து வேறு அப்பியிருந்தாள். "நான் போட்டது அப்படியே இருக்கு அண்ணி" என்றாள். "மஞ்சள் கூட வெடிக்கல."

அப்படியென்றால் அது எப்படி உள்ளே போனது? மேலேயிருந்து போட முடியாது, அவ்வளவு பெரிய மரம். கீழேயிருந்து போட முடியாது, வேர். கங்காணி இரண்டு தடவை மரத்தைச் சுற்றி வந்தார், பிறகு தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"சரி, எப்படிப் போனா என்ன. கயிறுதானே தங்கச்சி, வெட்டி எடுத்துருவோம். வேற கயிறு போட்டுக்கலாம்."

எனக்குத் தாலி கையில் வந்தால் போதும் என்றிருந்தது. மனசு ஒரு பக்கம் வேண்டாம் என்றது, ஆனால் பனி இடுப்புக்கு வந்துவிட்டது, மாமி எழுந்திருப்பார், நான் சொல்லிவிட்டேன். "வெட்டுங்க அண்ணே" என்று நானே என் வாயால் சொன்னேன். கங்காணி குனிந்து, கயிற்றுக்கு அடியில் கத்தி முனையைக் கொடுத்தார்.

சுகந்தியின் கையில் போன் சத்தம் போட்டது. வட்டம்.

"கயித்த வெட்டாத. மரத்த வெட்டு."

அவள் அதைச் சத்தமாகப் படித்தாள். கங்காணி கத்தியை அப்படியே பின்னால் எடுத்து, நிமிர்ந்து நின்று, சட்டைக் கையை மடித்தார். தோட்டத்து மரத்தை வெட்டினால் அவர் வேலைக்கே ஆபத்து. "இது கணக்குல இல்லாத மரம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முதல் கிளையில் கத்தியைப் போட்டார். அது புல் அறுக்கிற கத்தி, ஐந்து கிளைக்கும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது, கைமாற்றி நாங்களும் வெட்டினோம். "வெறகு எனக்கு" என்று கலாக்கா சொன்னபோது எல்லோரும் சிரித்துவிட்டோம், பயத்தில் வருகிற சிரிப்பு. கடைசிக் கிளை விழுந்ததும் கட்டையின் மேல் வழியாகக் கயிற்றை மெல்ல மெல்ல உரசிக்கொண்டு வெளியே எடுத்தேன். தலை வழியாகப் போட்டுக்கொண்டேன். கயிறு சூடாக இருந்தது, சற்று முன்தான் வேறொரு கழுத்திலிருந்து கழற்றிய மாதிரி.

"கேளு, யாருன்னு கேளு" என்றார் கலாக்கா. சுகந்தி என் போனில் எழுதினாள், நீங்க யாரு? பதில் இல்லை. "புண்ணியவானுக்கு என்ன குடுக்கணும்னு கேளு" என்றேன் நான். அது உடனே வந்தது.

"ரெண்டு ரூபா அறுபத்தாறு சதம்."

கங்காணி சிரிக்கப் பார்த்தார். "இந்தக் காலத்துல ரெண்டு ரூபாய்க்கு ஒரு டொபி கூடக் குடுக்க மாட்டான்." பிறகு சிரிப்பை நிறுத்தி, "எங்கப்பா காலத்துல கொழுந்துக்காரிக்கு ஒரு நாள் சம்பளம் இதுதான்" என்றார். சாக்கை எடுத்துக்கொண்டு புல் அறுக்காமலே வீட்டுக்குப் போய்விட்டார். நாயை மூன்று தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் அந்தக் கட்டை மேல் மூன்று ரூபாயை வைத்துவிட்டு வந்தேன். ஒரு நல்ல காரியத்துக்கு முப்பத்தி நான்கு சதம் கூடப் போனால் என்ன. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்து சேரும் முன்பே போனில் வட்டம். "முப்பத்தி நாலு சதம் கூட. எடுத்துட்டுப் போ." ஓடிப்போய் எடுத்து வந்தேன். சில்லறைக்கு எங்கே போவது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். என் வீட்டுக்காரரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே போன் எடுத்திருந்தார், கேம்பில் நெட் இல்லையாம், குரல் நன்றாக இருந்தது, என் கவலை குறைந்துவிட்டது.

மூன்று வாரம் கழித்து, ஏதோ பேசிக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார். "ஒனக்குச் சொன்னா பயப்படுவேன்னு சொல்லல. ஒரு நாள் பலக வழுக்கிருச்சு லோகா. இடுப்புக் கயித்துல தொங்கிட்டேன். பொடியன்மார் வந்து இழுத்துப் போட அர மணி நேரம் ஆச்சு. கயிறு பழசு, நல்ல வேள அறுந்து போகல."

"என்னைக்குங்க?"

"ஞாபகமில்ல. ஞாயித்துக்கெழமையா இருக்கும், இல்லாட்டித் திங்க. மத்தியானச் சோத்துக்குப் பக்கத்துல."

அவரிடம் இன்றுவரை எதுவும் சொல்லவில்லை. அங்கே மத்தியானம் ஒன்று என்றால் இங்கே மூன்றரை என்று நான் கணக்குப் பார்த்ததையும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனேன். பஜாரில் பழைய சாமான் கடை வைத்திருக்கிற ஒரு முஸ்லிம் நானா, ஒரு பால்மா டின் நிறையப் பழைய காசு வைத்திருந்தார்.

"சதக் காசா? ஒங்கட தோட்டத்துல பழைய வெலைக்குச் சாமான் விக்கிறாங்களா தங்கச்சி?" என்று கேட்டுவிட்டு டின்னை மேசையில் கொட்டினார். இரண்டு ஒரு ரூபாய்க் குத்திக் காசு, ஒரு ஐம்பது சதம், ஓரம் வளைந்த பத்துச் சதம், சதுரமான ஐந்து சதம். இவ்வளவுக்கும் முந்நூறு ரூபாய் வாங்கினார். ஒரு சதம் மட்டும் இல்லை. நானாவும் தேடினார், நானும் தேடினேன், டின்னைத் தட்டிப் பார்த்தோம். "ஒரு சதத்த யாரும்மா பத்திரமா வச்சிருக்கப் போறாங்க?" என்றார்.

இருந்ததைக் கொண்டுபோய் அன்றைக்கே கட்டை மேல் வைத்தேன். இரண்டு ரூபாய் அறுபத்தைந்து சதம். கையெடுத்துக் கும்பிட்டு, ஒரு சதம் கிடைக்கவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று வாய்விட்டுச் சொன்னேன். மறுநாள் காலையில் காசு அங்கே இல்லை. வெட்டிய ஐந்து கிளையிலும் துளிர் விட்டிருந்தது.

அந்த ஆப் இப்போது எங்கள் பக்கத்தில் யாரிடமும் வேலை செய்யவில்லை. வாழைப்பழமும் பப்பாசியும் எப்போதோ போய்விட்டன, திறந்தால் வெள்ளையாக இருக்கிறது என்கிறார்கள். என் போனிலும் வெள்ளைதான், அந்த ஒரு வட்டத்தைத் தவிர. அப்புத்தளையில் ஒரு வீட்டில் பழைய காசு இருப்பதாகச் சொல்லிப் போனேன், இல்லை. மொனராகலைக்குப் போன சொந்தக்காரரிடம் சொல்லிவிட்டேன், இல்லை. கழுத்தில் கையை வைக்கும் போதெல்லாம் இது முழுசாக எனக்குச் சொந்தமில்லையே என்றுதான் தோன்றுகிறது. அவர் வருவதற்கு இன்னும் எட்டு மாதம் இருக்கிறது, தினமும் பலகைமேல் ஏறுகிறார். அதனால் உங்கள் வீட்டில், பழைய பெட்டியிலோ அலுமாரி மூலையிலோ, சின்னதாக வெள்ளையாக ஒரு காசு கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நம்பாவிட்டாலும் பரவாயில்லை, எனக்குக் கொடுத்துவிடுங்கள். நான் தர வேண்டிய பாக்கி இன்னும் ஒரு சதம்.